திறக்காத தூக்குவாளி

தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை அடுக்குகிற வேலைக்குப் பலம் வேண்டாம், கண் மூடாமல் இருந்தால் போதும் என்பார்கள். கைப்பிள்ளைக்காரிகளே, அது எம்புட்டுப் பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

டீ

சாத்தூரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது மகளுக்கு ஏழு மாதம். கட்டை அடுக்குவதென்றால், மரச்சட்டத்து வரிகளில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாகச் சொருக வேண்டும். பிள்ளை வாசல் வேப்பமரத்துத் தொட்டிலில் கிடப்பாள்.

மத்தியானம் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தூக்குவாளியை ஒருத்தி எட்டிப் பார்த்துச் சாப்பிடுவார்கள். விடியுமுன் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்தாலும், புது முகங்களுக்கு நடுவில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். பசிக்கவில்லை என்று சொல்லி, என் வாளியைத் திறக்காமலே மூன்று தம்ளர் டீ குடிப்பேன். பசி அடங்கும், ராத்திரித் தூக்கமும் போய்விடும். பக்கத்துச் சட்டத்து மாரியம்மா அக்கா சொன்னாள்: "நீ டீக்கடைக்காரனையில்ல கட்டியிருக்கணும், தாயி."

புகையிலை

டீ வராத ஒரு நாள் எனக்குக் கண் இருட்டியது. அக்கா சுருக்குப்பையிலிருந்து புகையிலை கிள்ளிக் கொடுத்தாள். பசியும் தெரியாது, தூக்கமும் வராது என்றாள். அத்தனை பேர் முன்னால் எழுந்துபோய்த் துப்ப வெட்கப்பட்டு, சாற்றை விழுங்கிவிட்டேன். தலை சுற்றி, அடுக்கி முடித்த சட்டத்தின் மேலேயே சாய்ந்தேன். குச்சி அம்புட்டும் தரையில். பொறுக்கிக்கொண்டே அக்கா கேட்டாள்: "துப்புறதுக்குமா வெக்கப்படுவாக?"

கசகசா

எனக்குப் பால் குறைந்துபோனது. பிள்ளை நாள் முழுக்கக் கத்தினாள். அழுகை நிற்காவிட்டால் வேலையை விட்டு நின்றுகொள் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். மழை தப்பிய வருஷம். காட்டு வேலையும் கிடையாது.

கசகசாவை அரைத்துப் புகட்டினால் பிள்ளை அசந்து தூங்கும் என்றாள் அக்கா. பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கப் பயம். நான் குடித்தால் பால் வழியாகப் போய்ச் சேரும் என்று ஒரு கை கசகசாவை அரைத்துக் குடித்துவிட்டு வந்தேன். பல நாள் தூக்கம் பாக்கி வேறு. பத்து மணிக்கெல்லாம் சட்டத்தில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். பிள்ளை கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு கத்தினாள்.

கணக்கப்பிள்ளை வந்து எழுப்பினார். சனிக்கிழமை வரை பார்ப்பேன் என்றவர், திரும்பி நடக்கும்போது கேட்டார்: "உன்னையத் தொட்டில்ல போட்டுட்டு, சட்டத்துல பிள்ளைய உக்கார வைக்கவா?"

கம்மங்கூழ்

அன்று சாயங்காலம் என் வாளிக் கூழை வாசல் ஆட்டுக்கு ஊற்றினதை அக்கா பார்த்துவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். சேர்ந்த நாளிலிருந்து என்றேன்.

மறுநாள் மத்தியானம் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, யாரும் எட்டிப் பார்க்காதபடி பின்னால் மறைத்து உட்கார்ந்துகொண்டாள். கூழும் இரண்டு சின்ன வெங்காயமும் உள்ளே போயின. டீ ஒரு தம்ளரோடு நின்றது. தினமும் இதே காவல்.

சனிக்கிழமை பிள்ளை வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கினாள். கணக்கப்பிள்ளை தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "சத்தத்தையே காணோமே, பிள்ளைய யார்கிட்டயாவது மாத்திட்டியா?"

பிள்ளை தூங்கத் தாய் சாப்பிட வேண்டும் என்று கண்டுகொண்டேன். ஆனாலும் இன்றைக்கும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.