ஆமிக்காரனுக்குச் சட்டம் எதற்கு?

பன்னிரண்டு வருடம் இராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். யுத்தம் முடிந்த பிறகு சேர்ந்தவன். நான் சுட்டதெல்லாம் பயிற்சித் திடலில் நட்டிருந்த பலகையைத்தான். மற்றபடி தண்ணீர் பௌசர் வண்டி ஓட்டினேன், வெள்ளம் வந்தால் வள்ளம் தள்ளினேன், முகாமுக்கு வரும் தமிழ்ச் சனங்களுக்கும் சிங்கள அதிகாரிகளுக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? முகாமில் நான் தமிழன், தோட்டத்து லயத்து வீடுகளில் நான் ஆமிக்காரன். குழாயடியில் நான் போய் நின்றால் எல்லாருடைய பேச்சும் சட்டென்று மழைக்கு மாறிவிடும். அந்த வகையில் எங்கள் தோட்டத்து வானிலையை என்னைவிட நன்றாகக் கேட்டறிந்தவன் கிடையாது.

விலகி வந்ததும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாசலில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. ஆமியிலிருந்து வருகிறவனுக்கு உலகம் எடுத்து வைத்திருக்கும் வேலை அதுதான். வேன் வந்தால் வாசலை மறித்திருக்கும் கம்பியைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். இப்படியே காலம் போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் மாமியாருக்கு நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. மனைவியின் அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் லயத்துக் காம்பராவை ஒழித்துத் தர வேண்டும் என்று தோட்டம் வழக்குப் போட்டிருந்தது. அவர் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் அந்த ஒற்றை அறையில்தான். நான் துணைக்குப் போய்க் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்ப்பாளர் அன்று லீவு. அறையை விட்டுப் போகச் சம்மதமா என்று நீதவான் கேட்டார். மாமியார் தலையை ஆட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை என்று எனக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எது கேட்டாலும் தலையாட்டுவதுதான் எங்கள் ஆட்களின் பழக்கம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் தலையாட்டித் தலையாட்டி வந்த பழக்கம். எழுந்து நின்று, அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை என்று சிங்களத்தில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஒரு பொலிஸ்காரர் ஓடி வந்து என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது. நல்லவேளை, நீதவான் பொறுமைக்காரர். யார், என்ன என்று விசாரித்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் இருக்கும் நாளுக்கு வழக்கைத் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு அறை தப்பியது. ஆனால் வெளியே வந்தபிறகும் எனக்கு ஆறவில்லை. அங்கே பேச எனக்கு உரிமை இல்லை. அடுத்த முறை இன்னொரு அம்மா தலையாட்டும்போது நான் அங்கே இருக்கவும் மாட்டேன். சிங்களம் தெரியும், தமிழ் தெரியும், பயம் கிடையாது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு கம்பியைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேனே என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம், சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்றேன். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"வாய் இருக்கு, கோவம் இருக்கு. படிப்பு மட்டுந்தான் இல்ல. அதையும் படிச்சிட்டாப் போச்சு," என்றாள்.

கொட்டகலையில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணியவன்தான் நான். ஆனால் அதெல்லாம் பூட்ஸ் போடுவதற்கு முந்தைய காலம். நுழைவுப் பரீட்சைக்காகத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் சொற்கள் சிங்களத்தில்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஹோட்டல் வாசலில் பகல் டியூட்டியில் உட்கார்ந்து படித்தேன். என்னோடு நின்ற காவலாளியும் ஆமியிலிருந்து வந்தவர்தான், சிங்களவர். ஆமிக்காரனுக்குச் சட்டம் எதற்கு, யார் உனக்கு இடம் தரப் போகிறார்கள் என்று தினமும் கேலி செய்வார். செய்துகொண்டே என் பங்குக்கும் சேர்த்து அவரே கம்பியைத் தூக்குவார். அந்த மனிதரின் கேலி இல்லாவிட்டால் பாதிப் புத்தகத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

பரீட்சையில் தேறினேன். நேர்முகத் தேர்வுக்குக் கொழும்புக்கு வரச் சொன்னார்கள்.

சப்பாத்து பாலிஷ் போடுவதில் மட்டும் என்னை யாரும் வெல்ல முடியாது. முகம் பார்க்கலாம் போலத் தேய்த்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன். அங்கே போய் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் இருந்த பிள்ளைகள் எல்லாம் இருபது வயதுக்காரர்கள், ஆங்கிலத்தில் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய், கதவைத் தட்டி, உள்ளே நுழைந்து, நிமிர்ந்து நின்றேன். மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

"தம்பி, சப்பாத்து எங்க?"

குனிந்து பார்த்தேன். சப்பாத்து இல்லாமல் வெறும் மேஸ் உறையோடு நின்றுகொண்டிருந்தேன்.

தோட்டத்து ஆபீஸ் படியில் எப்போது பார்த்தாலும் செருப்புகள் கிடக்கும். எங்கள் ஆட்கள் யாரும் செருப்போடு உள்ளே போவதில்லை. என்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனவர்களும் கழற்ற வைத்துத்தான் கூட்டிப் போனார்கள். இங்கே பளபளவென்ற தரை, மேசை, மேசைக்குப் பின்னால் பெரிய மனிதர்கள். என் கை என்னைக் கேட்காமலே சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டது. காது மடல் வரைக்கும் சூடேறியது. கால் புண் என்று ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு வந்தது கோபம். நல்லவேளை வந்தது.

"வெளியில கழட்டி வச்சிட்டேங்க. எங்க தோட்டத்துல ஆபீசுக்குள்ள யாரும் செருப்போட போக மாட்டாங்க. பன்னெண்டு வருசம் பூட்ஸ் போட்டும் அது என்னய விட்டுப் போகலங்க," என்றேன்.

பக்கத்தில் இருந்த கண்ணாடிக்காரர், அப்படி ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

"எந்தச் சட்டத்துலயும் இல்லைங்க. இல்லன்னு எங்க ஆளுகளுக்கு யாரும் சொன்னதுதான் கிடையாது. அதச் சொல்றதுக்குத்தான் படிக்க வந்திருக்கேன்."

பிறகு அந்த அம்மா, போய்ப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். கதவுக்கு வெளியே குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். வரிசையில் இருந்த பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று டக் டக்கென்று உள்ளே நடந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எந்தக் கேள்விக்கும் என் குரல் இறங்கவில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பழகிய ஆள் எதிர்க் கேள்வி கேட்பாரா என்று கடைசியாகக் கேட்டார்கள். அதற்கு என் மனைவியைத்தான் விசாரிக்க வேண்டும் என்றேன். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

இடம் கிடைத்த செய்தி வந்தபோது ஹோட்டல் வாசலில் நின்றிருந்தேன். கூட நின்ற காவலாளி என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கியே விட்டார். கம்பிக்கு முன்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து, இறங்கி நேராக மலைக்கு ஏறினேன். மனைவி தேயிலைச் செடிகளின் நடு நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். வழியில் மனதுக்குள் என்னென்னவோ வசனம் தயார் செய்திருந்தேன். கடைசியில் கிடைத்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் கை நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு வக்கீலுக்குப் படிக்கப் போறாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆமியில் சேர்ந்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. வெட்கமாக இல்லை. இவ்வளவு சந்தோஷம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அடுத்த நிரையில் நின்ற அக்கா ஒருத்தி மெதுவாக வந்தார். குழாயடியில் என்னைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்கிறவர். தன் மகனை ஏதோ சண்டையில் சேர்த்துப் பொலிஸ் வழக்கு எழுதிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், பிறகு இன்னொருவர். சட்டத்தில் நான் இன்னும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. தண்ணீர் ஓடும் கான் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னேன். கொழுந்து நிறுக்கும் நேரம் வந்தபோது ஒருத்தருடைய கூடையும் பாதிகூட நிறைந்திருக்கவில்லை. கங்காணி சத்தம் போடப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவரும் தன் முறைக்காகக் காத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.