பதினெட்டு பேரிடமும் திரும்பப் போய்க் கேட்டது

1. முதல் நாள்

முதல் நாள் வகுப்பில் எங்களைச் சுவரோரம் வரிசையாக உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் ஹேமா மேடம் உள்ளங்கையில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தை வைத்து, தோல் சுற்றிய கட்டையால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் முழுதாக அடங்கியதும் கையைத் தூக்க வேண்டும். அதுதான் பயிற்சி. நான் தூக்கினேன். மற்ற ஆறு பேரும் கண்ணை மூடியபடி அசையாமல் இருந்தார்கள்.

"இன்னும் இருக்குங்க செல்விம்மா," என்றார் மேடம்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கற்பனை கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை கண்ணைப் பாதி திறந்து வைத்து, பக்கத்துப் பெண்ணின் கை எழுந்ததும் என் கையையும் தூக்கினேன். சரி என்றார். மீதி வகுப்புகளையும் அப்படியே ஓட்டினேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன் பதினேழு வருஷம் ஒரு நூற்பு மில்லில், நூல் முறுக்கும் ரிங் ஃப்ரேம் பிரிவில் இருந்தேன். மில்லை மூடிய பிறகு காரைக்காலில் ஒரு யோகா நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. திருநள்ளாற்றுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் சிலர், கிண்ணச் சத்தத்தால் உடம்பைத் தளர வைக்கும் சவுண்ட் ஹீலிங் நிலையத்தில் உண்டா என்று கேட்கவே, நிலையத்தின் முதலாளி பாண்டிச்சேரியிலிருந்து ஹேமா மேடத்தை வரவழைத்து வகுப்பு தொடங்கினார். உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்தார். நான் நிதானமான ஆள் என்பது அவர் சொன்ன காரணம்.

2. கிண்ணமும் ஆட்களும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கிண்ணம் தட்டுவதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் நாங்கள் கேள்வி கேட்கத்தான் கற்றோம். மாசமாக இருக்கிறீர்களா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா, வலிப்பு வந்ததுண்டா, எலும்புக்குள் பிளேட் இருக்கிறதா, சமீபத்தில் ஆபரேஷன் ஆனதா. ஒன்றுக்காவது ஆம் என்றால் அவர்கள் உடம்பின் மேல் கிண்ணம் வைக்கக் கூடாது. டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். இது மருந்துக்கு மாற்று என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. உடம்பைத் தளர வைக்கும், தூக்கம் வர உதவும், அவ்வளவுதான் என்று மேடம் தினமும் சொல்வார்.

அதற்குப் பிறகுதான் கிண்ணம் எங்கள் கைக்கு வந்தது. பெரிய கிண்ணம் வயிற்றுக்கும் காலுக்கும், சின்னது தலைப் பக்கம். கட்டையை மணிக்கட்டால் வீச வேண்டும், தோளால் அல்ல.

தேர்வுக்கு முன் ஆளுக்கு முப்பது பேரைப் படுக்க வைத்து செஷன் செய்து, ஒவ்வொன்றையும் லாக் புக் என்ற பதிவு நோட்டில் எழுத வேண்டும். நான் எங்கள் ஊரான நெடுங்காட்டிலேயே ஆள் பிடித்தேன். முதல் ஆள் என் வீட்டுக்காரர். மூன்றாவது நிமிஷம் குறட்டை விட்டார். 'ஆழ்ந்த தளர்வு' என்று எழுதினேன். அடுத்த தெரு ராஜேந்திரன் அண்ணன், நடவு முடிந்த இடுப்பு வலியோடு வந்து, சர்க்கரை இறங்குமா என்று கேட்டார். இறங்காது என்றேன். வந்ததற்குப் படுத்துவிட்டுப் போகிறேன் என்றார். ஒரு பெரியம்மா கிண்ணங்களைப் பார்த்ததும் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்துவிட்டுத்தான் படுத்தார். குங்குமத்தைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. மேடம் லாக் புக்கைப் பார்த்தபோது கிண்ணத்தையும் பார்த்தார்.

3. பதினெட்டாவது ஆள்

பதினெட்டாவது ஆள் நஃபீசா. திருமலைராயன்பட்டினத்தில் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். எனக்கும் அவர்தான் தைப்பார். தலைவலி, தூக்கமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரை நான்தான் அழைத்தேன்.

நிலையத்தின் மாடி அறையில் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு பக்கமும் சின்னக் கிண்ணங்களை வைத்தேன். தட்டினேன். சத்தம் பலவீனமாக இருந்தது போலத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் ஓங்கித் தட்டினேன். அது அடங்கிவிட்டது என்று நினைத்து உடனே மறு பக்கம் தட்டினேன். இப்படிப் பத்து நிமிஷம். நஃபீசாவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மனசில் இருப்பது வெளியே வருகிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி வரும் என்று பாடத்தில் இருந்தது.

அவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்து வலது காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும்க்கா. காதுல கூவுது."

தண்ணீர் கொடுத்தேன். சரியாகிவிடும் என்றேன். மறுநாள் போன் செய்தபோதும் கூவிக்கொண்டிருந்தது. மெஷின் ஓட்ட முடியவில்லை, சத்தம் தலைக்குள் ஏறுகிறது என்றார். லாக் புக்கில் அந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் நானே அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். பக்கத்தில் பலமான சத்தம் கேட்டதால் வந்தது, சில நாளில் அடங்கும், காதுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் எழுந்தோம். எழுந்த நஃபீசா மறுபடி உட்கார்ந்தார்.

"இவங்களுக்கும் ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர். அளவு கேக்கறப்ப, பேசறப்ப, எப்பவும் என் வாயையே பாக்கறாங்க. கண்ணப் பாத்ததே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. மில்லில் மெஷின் ஓடும்போது நாங்கள் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். வெளியிலும் அதையே செய்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

என்னை ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பார்த்துச் செய்ய அங்கே பக்கத்தில் யாரும் இல்லை.

டாக்டர் தாளைக் காட்டினார். கோடு நேராகப் போய் ஓரிடத்தில் பள்ளத்தில் விழுந்தது. கனமான சத்தம் கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தம் இரண்டு காதிலும் நிறையப் போய்விட்டது, போனது திரும்பாது என்றார். முன்பு என்ன வேலை என்று கேட்டார். மில் என்றேன். இப்போது என்ன வேலை என்றார். சவுண்ட் ஹீலிங் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

4. மேடத்திடம் சொன்னது

தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு முழு நாள் யோசித்தேன். சொன்னால் மறுபடி துடைப்பம்தான். ஆனால் நஃபீசாவுக்கு அன்றும் கூவிக்கொண்டிருந்தது. மறுநாள் வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை மேடத்தின் முன்னால் வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். பிறகு தன் நோட்டை எடுத்துப் புரட்டி என் பக்கம் திருப்பினார். முதல் நாள் தேதிக்கு எதிரே, 'செல்வி: பொறுமை இல்லை' என்று எழுதியிருந்தது.

"தப்பு என் மேலயும் இருக்கு," என்றார். "காது கேக்குதான்னு நான் ஒருத்தரையும் கேக்கல."

அதற்காக என்னை விட்டுவிடவில்லை. இந்த பேட்ச்சில் தேர்வு கிடையாது என்றார். தலைப் பக்கம் கிண்ணம் வைக்கக் கூடாது, காதுக்கருவி வாங்க வேண்டும், சத்தம் அடங்கியதை, விரல் நுனியால் கிண்ணத்தின் விளிம்பை மெல்லத் தொட்டு அதிர்வை வைத்துத் தெரிந்துகொள்ளப் பழக வேண்டும். கடைசியாக ஒன்று. படுக்க வைத்த பதினெட்டு பேரிடமும் திரும்பப் போய், ஏதாவது வலித்ததா என்று கேட்டு, அதை லாக் புக்கில் எழுத வேண்டும்.

போனேன். வீட்டுக்காரருக்கு எதுவும் நினைவில்லை. ராஜேந்திரன் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"காதுகிட்ட கொஞ்சம் குத்துச்சும்மா. நீ சிரத்தையா அடிச்சுக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றதுன்னு படுத்துட்டேன்."

அவரைப் போல் இன்னும் நான்கு பேர் சொன்னார்கள். அவர்களில் குங்குமம் வைத்த பெரியம்மா, வலித்தால்தான் பலன் என்று நினைத்தேன் என்றார். இந்த ஐந்து பேருக்கும் நேராக நான் முன்பு எழுதியிருந்தது, 'நல்ல பலன்.'

5. இப்போது

நஃபீசாவின் காதில் கூவல் ஒன்பதாம் நாள் நின்றது. அடுத்த பேட்ச்சில் நான் தேர்ச்சி பெற்றேன். ஏழு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இப்போது வகுப்பில் புதியவர்களுக்கு முதல் வாரம் நான்தான் எடுக்கிறேன். கிண்ணத்தைத் தொடும் முன் அவர்களைக் காது டாக்டரிடம் அனுப்புகிறேன். கண்ணை மூடிப் படுத்தவர் வாயைத் திறக்க மாட்டார் என்பதை முதல் பாடமாகச் சொல்கிறேன். நம் ஊரில் மரியாதைக்காக வலியைப் பொறுத்துக்கொள்வார்கள். அதனால் பேசச் சொல்லாதீர்கள், கையைத் தூக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை நீங்களே நிறுத்திக் கேளுங்கள். உங்களிடம் உள்ள குறையை அவர்கள் படுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

ஏழு வருஷத்துக்கு முன், சான்றிதழ் வாங்கிய வாரம் நஃபீசாவின் வீட்டுக்குப் போனேன். இன்னொரு முறை வருவாரா என்று கேட்டேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, நான் அவர் வாயைப் பார்க்க வசதியாக, மெதுவாகப் பேசினார்.

"உங்க மேல கோவமில்லக்கா. ஆனா எனக்கு இன்னும் மனசு வரல. எங்க மதினிய அனுப்பறேன். அவங்க எதுனாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாங்க."

மதினி வந்தார். படுக்கும் முன் என் காதைப் பற்றிச் சொன்னேன். தெரியும், அதனால்தான் வந்தேன் என்றார். அரை மணி நேரத்தில் மூன்று முறை கையைத் தூக்கினார். மூன்று முறையும் சத்தத்தைக் குறைத்தேன். நான்காவது முறை கை எழவில்லை. தூங்கியிருந்தார். அப்படியும் ஐந்து நிமிஷம் ஆனதும் எழுப்பிக் கேட்டேன்; அதற்காக என்னைத் திட்டினார். தூங்கியதையும் திட்டியதையும் லாக் புக்கில் எழுதினேன்.