கல்யாண ஜாக்கெட்டில் பாகற்கொடி

போன மாதம் திருநெல்வேலிக்குப் போகிற வழியில் பஸ் சங்கரன்கோவிலில் பத்து நிமிடம் நின்றது. நான் இறங்கி, ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குப் போனேன். தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. பின்பக்கம் சிமென்ட் பூசி பைக் நிறுத்தியிருந்தார்கள். சுவர் மட்டும் அப்படியே நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பஸ் போய்விட்டது.

அந்தச் சந்தில் மூன்று வருடம் இருந்தேன். என்னைப் பொறுத்தவரை அது நீண்ட காலம். எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, பம்பாயில் முறுக்குக் கடை, கேரளாவில் ரப்பர்த் தோட்டம் என்று எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. சென்னையில் பன்னிரண்டு பேர் படுக்கும் ஓர் அறையில் ஆரி வேலை கற்றுக்கொண்டேன். மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனி வளைந்த ஊசியால் நூலையும் பாசிமணியையும் கோத்துப் பூவேலை செய்வது. அங்கே மஞ்சள் காமாலை வந்தது. ஊருக்குப் போகலாம் என்று பஸ் ஏறினேன். ஊரில் போய் நிற்க வீடு இல்லை. அதனால் சங்கரன்கோவிலில் இறங்கிவிட்டேன்.

வேலை கேட்டுப் போன தையல் கடை அக்கா, நான் தைத்துக் காட்டிய ஒரு முழத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேல சுத்தமாத்தான் இருக்கு. ஆம்பள ஜாக்கெட்டுக்கு வேல செய்யுதான்னு தெரிஞ்சா ஒருத்தியும் வர மாட்டா. பின்னால ரூம்ல இருந்து தையி. கடைக்கு முன்னால மட்டும் வந்துராத."

ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. டீக்கடையில் தினமும் கேட்பார்கள்: "என்ன வே, மயிலு முட்ட போட்டாச்சா?"

அவர்கள் கேட்டதில் தப்பில்லை. வருகிற பெண்கள் எல்லோரும் போனில் ஒரே மயிலைக் காட்டினார்கள். அதைத் தாளில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தால் துணியில் புள்ளி புள்ளியாக இறங்கும். அந்த ஒரு தாளை வைத்து எத்தனை முதுகில் மயில் இறக்கினேனோ, தாள் கிழிந்தே போய்விட்டது.

பின் அறைக்கு வெளியே பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும். அந்த ஈரத்தில் ஒரு பாகற்கொடி தானாக முளைத்து, சுவரில் தொங்கிய பழைய கேபிள் ஒயரில் ஏறியது. காலையில் பல் விளக்கும்போது கண்ணுக்கு நேரே நிற்கும். நூல் மாதிரி ஒரு சுருளை நீட்டி ஒயரைத் தேடும். மறுநாள் பார்த்தால் பிடித்திருக்கும். பிடித்த பிறகுதான் நடுவில் சுருண்டுகொள்ளும். பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் சின்னதாக ஒரு நேர்க்கோடு விட்டு, மீதியை எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அதைக் கவனிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. பழைய துணியில் தைத்துப் பார்த்தேன். ஒரே பக்கமாகச் சுற்றினால் செத்த புழு மாதிரி கிடந்தது. நடுவில் திருப்பினேன், துணியிலிருந்து எழுந்து வருவது மாதிரி நின்றது. அன்றைக்கு முழுக்கக் கையில் பாகல் இலை வாசனை இருந்தது. இப்போதும் காய்கறிக் கடையில் அந்த வாசனை வந்தால் நின்றுவிடுகிறேன்.

அந்தச் சமயத்தில்தான் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். தென்காசியில் ஆபீஸ் வேலை. நேராகப் பின் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, எங்க தெருவுல மூணு கல்யாணத்துல இந்த மயிலத்தான் பாத்தேன். ஒரே மயிலு மாறி மாறி மூணு பேரு முதுகுலயும் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. எனக்கு நீங்களா ஏதாச்சும் வரைங்க."

நீங்களாக வரையுங்கள் என்று என்னிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. கொடியை அப்படியே இறக்கினேன். ஜாக்கெட் கையில் இலைகள், கழுத்தைச் சுற்றிச் சுருள்கள், மஞ்சள் பூ, முதுகில் வரிசையாகக் காய்கள். காயின் முள்ளுக்காகப் பச்சை நூலில் முடிச்சு முடிச்சாகப் போட்டேன். பத்து நாள் அதைக் கோடாகவே பார்த்ததில், அது சாப்பிடுகிற காய் என்பதே எனக்கு மறந்துபோனது.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பெண்ணின் அம்மா வாங்கிப்போக வந்தாள். அவளுடைய தோட்டத்தில் பந்தல் போட்டு வளர்ப்பதே பாகல்தான். ஜாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"தம்பி, இது பாவக்கால்லா?"

நான் ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

"கல்யாணத்தன்னைக்கு எம்மவ முதுகுல கசப்பையா கெட்டி அனுப்புதிய?"

அக்கா ஓடி வந்து பார்த்தாள். இலை வரைக்கும் பார்த்திருந்தாளே தவிர, காயைப் பார்த்திருக்கவில்லை. அம்மா எதையும் வாங்காமல் போன பிறகு அக்கா சொன்னாள்: "ஒன்னைய முன்னால வராதன்னேன். நீ பாவக்காயக் கொண்டாந்து முன்னால வச்சிட்ட."

சேலையோடு வந்த துணி அது. மாற்றுத் துணி கிடையாது. பட்டில் பிரித்தால் துளை அப்படியே நிற்கும். அந்தப் பெண் இதைப் போடாவிட்டால் அக்கா கடைக்கு அந்த ஊரிலிருந்து இனி ஒருத்தியும் வரமாட்டாள்.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லா ஊரிலும் இப்படி ஒரு இடத்தில்தான் கிளம்பியிருக்கிறேன். வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்காக நின்றபோது எதிர் வேலியைப் பார்த்தேன். முள்ளில் கோவைக்கொடி படர்ந்திருந்தது. பாகல் தொங்குகிற மாதிரியே பழம் தொங்கியது, நல்ல சிவப்பாக. பழத்துக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூ. பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

திரும்பிப் போய்ச் சட்டத்தின் முன் உட்கார்ந்தேன். பச்சை முடிச்சுகளின் மேல் சிவப்புப் பாசியை நெருக்கி வைத்துப் பழமாக்கினேன். மஞ்சள் பூவின் மேல் வெள்ளைப் பாசி. இலையை ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்றாம் நாள் மதியம், ஒரே ஒரு காய் மிச்சம் இருக்கும்போது சிவப்புப் பாசி தீர்ந்தது. அந்த நிறம் ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. நடு முதுகில், கழுத்துக்குக் கீழே, ஒரு பாகற்காய் பச்சையாகவே நின்றது.

சாயங்காலம், அக்கா சொல்லி அனுப்பியதும், பெண் போட்டுப் பார்க்க வந்தாள். அக்கா அந்தக் காயைத் தொட்டுக் காட்டினாள்.

"அது கெடக்கட்டும்க்கா," என்றாள் பெண். "சடை விழுந்தா மறஞ்சிரும். அம்மைட்ட மட்டும் சொல்லாதிய."

பிறகு வந்த அம்மாவிடம் அக்கா ஜாக்கெட்டை, நடு முதுகு மட்டும் உள்ளே போகிற மாதிரி மடித்து நீட்டினாள். அம்மா இலையை விரலால் தடவினாள்.

"பழம் கோவப்பழம். இல பாவக்கா இல. எங்கிட்டயேவா?" என்றாள். "சரி, மாப்பிள்ள வீட்டுல எலையப் பாக்கத் தெரிஞ்சவ எவ இருக்கா? குடுங்க."

கல்யாணத்துக்கு அக்கா என்னையும் கூட்டிப்போனாள். மணமேடையில் அந்தச் சுருள்கள் வெளிச்சத்தில் எழுந்து நின்றன. சங்கரன்கோவில் பூ மார்க்கெட் மல்லிகையில் கட்டிய கனமான பூச்சடை முதுகை மறைத்திருந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண் பெரியவர்கள் காலில் விழக் குனிந்தாள். சடை ஒரு பக்கமாகச் சரிந்தது. நடு முதுகில் பச்சையாக அந்தக் காய்.

பின்னால் நின்ற அம்மா அதைப் பார்த்தாள். தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு முறை முறைத்தாள். பிறகு சடையை எடுத்து அதன் மேல் போட்டாள்.