அப்பா கேட்காத விரிப்பு

அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர் வாசிக்க, நினைவுநாளுக்காக அப்பாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி அண்ணன் சொன்னபோது, எனக்குத் தகுதியில்லை என்று தட்டிக்கழித்தேன். பணிவு என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். பணிவு இல்லை, வெட்கம்.

அப்பா பிறந்தது மயிலாடியில். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, வடசேரியில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே நின்றார்கள். விரிப்பு வாங்க வருகிறவர்களிடம், "படுக்கப்போறது ஆரு?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் மினுக்குத் துணியை எடுத்துக் காட்டவே மாட்டார்கள். ஓரத்தைக் கசக்குவார்கள், மாவாக உதிர்ந்தால் அது கஞ்சியின் மினுக்கு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார்கள்; சட்டென்று உறிஞ்சினால் வேர்வையையும் உறிஞ்சும். முதலாளி முகம் சுளித்தாலும் உள்ளதைச் சொல்லித்தான் விற்பார்கள்.

அப்படிப்பட்டவர்கள் கடைசிக் காலத்தில் சீமைத்துணியின் பளபளப்பில் மயங்கி, அதில் படுத்து முதுகைப் புண்ணாக்கிக்கொண்டார்கள் என்று நம் உறவில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடுகளில் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்யை ஓராண்டாக வளரவிட்டவள் நான்.

வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அப்பாவை என் வீட்டில் வைத்திருந்தேன். அருமனையிலிருந்து என் மாமியார் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். சம்பந்தி வீட்டார் வரும்போது நோயாளியின் கட்டிலில் புது விரிப்பு கிடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். மினுமினுவென்று ஒன்றை வாங்கி விரித்தேன். அப்பா விரலால் தடவிப் பார்த்தார்கள்.

"மக்ளே, இது வேர்வை குடிக்காது. அந்தப் பழசைப் போடு."

"அது தையல் போட்டதுல்லா? வாறவங்க என்ன நெனைப்பாவ?"

"அப்பம் இதை ரெண்டு தண்ணியில அலசியாவது போடு."

அலசினால் மினுக்குப் போய்விடுமே! மறுத்துவிட்டேன். மழையால் மாமியாரின் வருகை பத்து நாள் தள்ளிப்போனது. நாளை வந்துவிடுவார்கள் என்று தினமும் நினைத்து, விரிப்பை மாற்றாமலே விட்டேன். அப்பாவும் மறுபடி கேட்கவில்லை.

மாமியார் வந்தார்கள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கக் கைகொடுத்தபோது, முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஐயோ, இந்த வழுவழுப்பை ஆரு விரிச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் அப்பா சொன்னார்கள்: "நான்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன், அம்மா."

"துணிக்கடையில நின்னவிய, உங்களுக்கா இந்தப் புத்தி?"

அப்பா சிரித்தார்கள். நான் பேசாமல் நின்றேன். அந்தப் புண் ஆறவேயில்லை. அதன்பின் அப்பா எங்களோடு இருந்தது சில வாரங்கள்தான்.

புண்ணுக்கு மருந்து கட்டிய வைத்தியருக்கும், அன்றாடம் துணிகளை வெளுத்துத் தந்தவருக்கும், வந்திருந்து ஜெபித்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லுகிறது. தம்முடைய பழைய சேலைகளைக் கிழித்து அப்பாவுக்கு விரித்து, கடைசிவரை உடனிருந்த என் மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையை நானே அவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.