எதிர்த்தட்டில் ஒரு இலை

போன வாரம் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. முதலில் அட்டைப்பெட்டி. அதைக் கிழித்தால் குமிழ் குமிழாகக் காற்றடைத்த பிளாஸ்டிக் தாள். அதையும் பிரித்தால் தோல் மாதிரி இறுக்கிச் சுற்றிய இன்னொரு பிளாஸ்டிக். அதற்குள்ளே, மூச்சுத் திணறிக்கொண்டு, மந்தாரை இலையில் தைத்த தட்டுகள். கூடவே ஒரு பச்சைச் சீட்டு: 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பூமியைக் காப்போம். கல்வராயன் மலையின் இயற்கைக் கொடை.' மகளின் பிறந்தநாளுக்கு மனைவி வரவழைத்திருந்தாள். பிளாஸ்டிக்கைத் தவிர்க்கச் சொல்லும் சீட்டும்கூட ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருந்தது.

"இன்னாத்துக்கு பெட்டிகூட சண்ட போட்டுக்கினு கீறீங்க?" என்றாள் மனைவி. கள்ளக்குறிச்சியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குக் கோபம் வந்தால் ஊர் பாஷைதான்.

நான் ஒரு தட்டின் மேல் தண்ணீர் தெளித்தேன். அவ்வளவுதான். மழைக்கு ஒதுங்கிய ஆட்டுக்குட்டியின் முதுகும் காய்ந்த நெல்லிக்காயும் கலந்த மாதிரி ஒரு வாசனை எழுந்து என்னைக் காதர் பாய் கடைக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த மிட்டாய்க்கடை. மிச்சர், காராசேவு, அல்வா. கல்லூரி முடித்து வேலை கிடைக்காமல் கவிதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் நான் அங்கே பொட்டலம் கட்டினேன். காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை, பொட்டலம் மடிக்கும் மந்தாரை இலைகளுக்குத் தண்ணீர் தெளித்து வைப்பது. தெளிக்காவிட்டால் மடிக்கும்போது அப்பளம் மாதிரி உடையும். அதிகம் தெளித்தால் காராசேவு நமத்துப் போகும். எனக்கு இரண்டுமே நடக்கும். ஒருநாள் நான் கட்டிய பொட்டலம் மணலூர்பேட்டை பஸ்ஸில் அவிழ்ந்து, மிச்சர் முழுக்க ஒரு கல்யாண கோஷ்டியின் தலையில் கொட்டிவிட்டது. மறுநாள் வந்து சண்டை போட்டவரிடம் பாய் சொன்னார்: "கவிதை எழுதுற கைங்க அது. முடிச்சு மட்டும் போடத் தெரியாது."

இலை கல்வராயன் மலையிலிருந்து வரும். பொன்னி என்று ஒரு பெண், எனக்குக் கொஞ்சம் மூத்தவள், வெள்ளிமலை பஸ்ஸில் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே சண்டையோடுதான் இறங்குவாள். "எலைக்கு லக்கேஜ் போடுறானாம் கண்டக்டரு. ஊதுனா பறக்குது, இதுக்கு லக்கேஜா?" கடைக்குள் வந்ததும் அதே சூட்டோடு பாயிடம், "இன்னா பாய், போன வாரத்து எலையே கெடக்குது? வியாபாரம் படுத்துக்கிச்சா?" என்பாள்.

"நீ வாய மூடுனா வியாபாரம் எழுந்துக்கும்."

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கடையின் தராசைப் பற்றி. இரண்டு தட்டுள்ள தராசு. சரக்கு வைக்கும் தட்டில் இலையை விரித்து அதன் மேல் மிச்சரைப் போடுவார் பாய். எடைக்கல் வைக்கும் எதிர்த்தட்டிலும் அதே அளவு இலை ஒன்றைப் போடுவார். இலைக்கு இலை சரியாகப் போய்விடும், மிச்சத்துக்குத்தான் காசு. இது அந்தக் கடையின் பழக்கம். பாய் ஒன்றும் மகான் கிடையாது. பொட்டலம் கட்டும் நூலை வாரத்துக்கு வாரம் குட்டையாக்கிக்கொண்டே போனவர். என் முடிச்சுகள் அவிழ்ந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் இலையை மட்டும் ஒருவர் தலையிலும் கட்டியதில்லை.

களமருதூர்க்காரர் ஒருவர் வருவார். நெல் போட்ட காசு கையில் இருந்தால் அவருக்கு வாய் நிற்காது. ஒருமுறை எதிர்த்தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா பாய், அந்த எலையில ஓட்ட கீது. ஓட்ட எடைக்கு எனக்கு மிச்சரு கம்மியா வருதே!" என்றார்.

பாய் ஒரு கிள்ளு மிச்சர் எடுத்து மேலே போட்டார். "இந்தாங்க, ஓட்டைக்கு."

கடையே சிரித்தது. எனக்கு இன்றைக்கும் எந்தக் கடையில் சிப்ஸ் பாக்கெட்டை வாங்கினாலும் அந்தக் கிள்ளு மிச்சர் ஞாபகம் வரும். பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கும். பிரித்தால் பாதிக்கு மேல் காற்று. அந்தக் காற்றையும் சேர்த்துத்தான் நம் கண்ணுக்கு விற்கிறார்கள். ஓட்டைக்குக் கொடுத்தவர் ஊரில் காற்றை விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள்.

பாய் காலமான பிறகு கடை அவர் மகன் ஜப்பாருக்கு வந்தது. ஜப்பார் என்னோடு படித்தவன். அவன் காலத்தில் பிளாஸ்டிக் பை வந்து இலை போனது. பொன்னியும் வருவதை நிறுத்திக்கொண்டாள். பிறகு பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. அப்போது ஒருவன் வந்து, மண்ணில் போட்டால் மக்கிவிடும் என்று சொல்லி, இலைப்படம் போட்ட பச்சைப் பைகளை இரட்டை விலைக்கு ஜப்பாரிடம் விற்றான். ஜப்பார் வெகுளி. நம்பினான். போன மாதம் அதிகாரிகள் வந்து, இதுவும் சாதா பிளாஸ்டிக்தான் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அபராதம் வேறு. இன்னொரு முறை பிடித்தால் கடைக்குச் சீல். அதுதான் ஒரே கடை, அதுதான் சோறு.

போனில் அவன் அழாத குறை. "மக்குதான்னு பாக்கறதுக்கு செம்பருத்தித் தொட்டியில பொதச்சு வச்சேன் மச்சான். செம்பருத்தி பூத்து ஓஞ்சிருச்சு. பையி புதுசாவே கீது."

"அவங்க பை எடுக்கும்போது சிப்ஸ் பாக்கெட் சரம் எங்க இருந்துச்சு?"

"அந்த ஆபீசர் தலைக்கு மேலதான் தொங்கிக்கினு இருந்துச்சு. கேட்டேன். அதெல்லாம் கம்பெனி பாக்கெட்டு, அதுக்குச் சட்டம் வேறன்னுட்டாரு."

கேட்டீர்களா? பிளாஸ்டிக் செய்தவனுக்கு ஒன்றுமில்லை, பச்சை மை அடித்து ஏமாற்றியவனுக்கு ஒன்றுமில்லை. கட்டிக் கொடுத்தவன் குற்றவாளி.

பார்சல் வந்த மறுநாளே நான் ஊருக்குக் கிளம்பினேன். பையில் ஒரு மந்தாரைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். மறுபடி இலைக்கே போய்விடலாம் என்று ஜப்பாரிடம் சொல்வதற்கு. கடை வாசலில் நின்றே பொன்னியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் போட்டோம்.

"எலைக்கு இன்னா பஞ்சம் தம்பி, மலை பூரா கெடக்குது," என்றாள் பொன்னி. குரல் மாறவேயில்லை. "ஆனா கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துக்கறான். வெளிய ஒரு எலை குடுத்தாலும் அப்பால எங்ககிட்ட எடுக்கமாட்டானாம். எங்கூட்டு மருமவளே அங்கதான் கவரு சுத்துற வேலைக்குப் போவுது."

"என்ன கவர், அக்கா?"

"பிளாஸ்டிக் கவருதான். எலை மேல சுத்தறதுக்கு."

என் கையில் இருந்த தட்டைப் பார்த்தேன். அதைச் சுற்றியது அவள் மருமகளாகவே இருக்கலாம்.

ஜப்பார் என் தோளைத் தட்டினான். "வுடு மச்சான். நான் வேற ஏற்பாடு பண்ணிட்டேன்." உள்ளே இலைப்படம் போட்ட அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து விரலால் தடவினேன். உள்பக்கம் வழவழவென்று பிளாஸ்டிக் பூச்சு. சீலுக்குத் தப்ப அவனுக்கு வேறு வழியில்லை.

ஒரு பெண் வந்து அல்வா கேட்டாள். பெட்டியைத் தராசில் வைத்து, அதன் மேல் அல்வாவை வைத்தான். எண்கள் ஓடி நின்றன.

"பெட்டி எடையைக் கழிக்கலையாடா?"

"எல்லாரும் இப்பிடித்தான் போடுறாங்க. பெட்டிக்கு நான் குடுக்கறது ஜாஸ்தி. அத யாரு குடுப்பா?" என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வாப்பா இருந்தா வுட்டிருக்க மாட்டாருதான்."

நான் பையிலிருந்து மந்தாரைத் தட்டை எடுத்தேன். பெட்டிக்குச் சரியாக எதிர்த்தட்டில் அதைப் போடலாம் என்று கை தானாகத் தராசை நோக்கிப் போய்விட்டது. போன கை அங்கேயே நின்றது. இப்போதைய தராசுக்கு ஒரு தட்டுதான்.