இடது சப்பாத்தின் ரப்பர் மெத்தை

என் கணவர் திருநாவுக்கரசு பால் வெட்டும் தொழிலாளி. மலாயாவில், சுங்கை காடுட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெறுங்காலோடுதான் எல்லாரும் வேலைக்குப் போவார்கள். இவர் மட்டும், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமார்போல் கான்வாஸ் சப்பாத்து போடுவார். "கிராணி ஐயா வர்றாரு, வழிய விடுங்கடா" என்று லயத்து வரிசை வீட்டு ஆண்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அவருடைய இடது கால் குட்டை. அதை ஈடுகட்ட, அந்தச் சப்பாத்துக்குள் தாமே வெட்டிய ரப்பர் மெத்தை ஒன்றை வைத்திருந்தார். வீட்டிலும் கதவைச் சாத்திய பிறகுதான் கழற்றுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு பாய்வரை நடப்பார். நான் பார்க்காததுபோல் அடுப்பைக் கிளறுவேன்.

அந்த மெத்தை எளிதில் அமையவில்லை. முதலில் மரத்து வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை அமுக்கி வைத்தாராம். வெயிலில் இளகிக் காலோடு ஒட்டிக்கொண்டது. பிறகு, புகைவீட்டில் காய்ந்த ரப்பர் தகட்டை அடுக்கி வெட்டினார். எல்லா இடமும் ஒரே கனமாக இருந்ததால் விரல்கள் மேலே இடித்து நகம் கறுத்தது. அதனால் குதிகாலில் கனமாகவும், விரல் பக்கம் போகப் போக மெல்லியதாகவும் சீவினார். நடப்பதற்கு அது போதும். ஓடினால் வியர்வையில் கால் வழுக்கும் என்று மேலே சாக்குத்துணி ஒட்டினார். தோட்டத்து விளையாட்டுப் போட்டியில்கூட ஓடியிருக்கிறார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜப்பான்காரர்கள் வந்த பிறகு, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மறுநாள் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள் என்று கங்காணி முனியாண்டி சொல்லிவிட்டுப் போனார்.

"அந்த மெத்தைய கழட்டி வச்சுட்டுப் போங்க. கால் சரியில்லாதவங்கள விட்டுடுறாங்களாம்" என்றேன்.

"அத்தன பேரு முன்னால நொண்டச் சொல்றியா?"

"உசுரு பெருசில்லீங்களா?"

"நாளைக்கு ஒன்னையே நொண்டி பொண்டாட்டினு கூப்புடுவாங்க. தாங்குவியா?"

மெத்தையை வைத்துக்கொண்டுதான் போனார்.

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். பக்கத்தில் ஒரு லாரி. ஜப்பான் சிப்பாய் திடீரென்று, "லாரி! லாரி!" என்று கத்தினான். மலாயில் 'ஓடு' என்று சொல்கிறான். எங்கள் ஆட்கள் காதில் வண்டி என்றுதான் விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய் லாரியில் தொற்றினார்கள். என் கணவர் முன்வரிசையில் ஓடினார், அம்பு மாதிரி.

சிப்பாய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எறங்குங்கடா! வண்டிய சொல்லல, ஓடச் சொல்றாருலா" என்று கங்காணி கத்தினார். "புகைவீடு வரைக்கும் ஓடித் திரும்புங்க. ஓட்டத்தப் பாத்துத்தான் ஆள் எடுப்பாராம்."

இறங்கிய என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, மெத்தையை உருவிப் போட்டார்.

ஓடினார். அடிக்கொரு தரம் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது.

"ஏய், நம்ம கிராணி கால பாருங்கடா!" என்றான் எங்கள் லயத்துத் தங்கராஜு. களமே சிரித்தது.

சற்றுமுன் அவர் நேராக ஓடியதைச் சிப்பாய் பார்த்திருந்தான். நடிக்கிறார் என்று நினைத்துக் கன்னத்தில் அறைந்தான். கங்காணி மெத்தையை எடுத்துக் காட்டினார். சிப்பாய் நம்பவில்லை. கால்சட்டையைத் தொடைவரை சுருட்டச் சொல்லி, மெத்தையோடு ஒருமுறை, மெத்தை இல்லாமல் ஒருமுறை என்று மாற்றி மாற்றி நடக்க வைத்தான். அவர் தரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கடைசியில் சிப்பாய் அவரைப்போலவே நொண்டிக் காட்டிவிட்டு, ஓரமாகத் தள்ளினான்.

நன்றாக ஓடியவர்களை லாரியில் ஏற்றினார்கள். தங்கராஜுவும் ஏறினான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒருவர்கூட என் கணவரை நொண்டி என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சண்டை ஓய்ந்தும் தங்கராஜு திரும்பவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவன் மனைவி முத்தாயி என்னிடம், "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு காலு கொஞ்சம் குட்டையா இருந்திருக்கலாம், இல்லக்கா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அதை அவரிடம் சொன்னேன். மறுநாள் முதல் முத்தாயி வீட்டு வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டு, புகைவீட்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். அது ரொம்ப தூரம். சாகும்வரை அப்படித்தான் போய்வந்தார்.