தைக்கு ஒரு மஞ்சள்

இசைவாணிக்குத் தஞ்சாவூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. ஜன்னல் இல்லாத அறையில் காலை எட்டு மணியிலிருந்து எக்ஸ்ரே எடுப்பாள். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்லியாக வேண்டும். அறுபது பேரின் எலும்பும் கறுப்பு வெள்ளையாகத் திரையில் வந்து போகும். அதனால்தானோ என்னவோ, வெளியே வந்தால் அவள் கண் நிறத்துக்கு அலைந்தது. பழைய கேமரா ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீடாமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் தன் ஊருக்குப் பஸ் ஏறும்போது அதையும் பையில் போட்டுக்கொள்வாள்.

மாதத்துக்கு ஒரு நிறம் என்பது அவளாக விளையாட்டுபோல ஆரம்பித்தது. மாதக் கடைசியில் எடுத்த படங்களையெல்லாம் போனில் ஏற்றி, ஒவ்வொன்றும் கடுகளவு ஆகும்வரை சுருக்கிப் பார்ப்பாள். எது எது என்று தெரியாது. நிறம் மட்டும் தெரியும். அதுதான் அந்த மாதம். சித்திரை தர்பூசணிச் சிவப்பு. ஆனியில் வாய்க்காலில் வந்த புதுத்தண்ணீர், டீயின் நிறம். கார்த்திகைக்கு நீலம் வந்ததைப் பார்த்து அவளே சிரித்துவிட்டாள்: ஊரில் ஒழுகிய கூரைகள் மேலெல்லாம் தார்ப்பாய். அந்த வருஷம் பொங்கலுக்குக்கூட டியூட்டி போட்டுவிட்டார்கள். தை மாதம் ஸ்கேன் சென்டர் சுவரின் சாம்பலாகப் போனது.

தஞ்சாவூரில் படம் எடுப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழுவாக இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு, "இனி மாசியிலேர்ந்து தை வரைக்கும் நல்லா திட்டம் போட்டு எடுங்க, அடுத்த மாசியில ஹால் பிடிச்சு மாட்டலாம்" என்றார்கள். இசைவாணி ஒரு நோட்டில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, எதிரே நிறத்தை முதலிலேயே எழுதிவிட்டாள். தைக்கு மஞ்சள். வெறும் மஞ்சள் இல்லை. காலை வெயில் சாய்வாக விழ, அறுவடைச் சுவடே இல்லாமல் வரப்புக்கு வரப்பு முற்றிய சம்பா நெல். அந்த வயல் யாருடையது என்பதில் அவளுக்கு யோசனையே இல்லை. அண்ணனுடையதுதான்.

அண்ணன் நெடுமாறன் அவளைவிட ஒன்பது வயது மூத்தவன். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். நெடுமாறன் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தன் பேரில் விவசாயம் செய்தான். தங்கையைப் படிக்க வைத்ததும் அவன்தான். அவள் வரப்பில் மண்டியிட்டுப் படம் எடுத்தால், மண்வெட்டியை நிறுத்திவிட்டு நிழல் விழாமல் தள்ளி நிற்பான்.

அந்தத் தையில் பனி விலகவில்லை. இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தாள், கதிரில் இன்னும் பச்சை கலந்திருந்தது. மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம் போன் பண்ணினாள்.

"அண்ணே, நாளைக்கு அறுப்பு மிஷின் வருதாமே? அண்ணி சொன்னாங்க."

"ஆமா பாப்பா. பத்து மணிக்கு மேல, பனி வெலகுனதும் எறங்கும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தள்ளி வைக்க முடியுமாண்ணே? எனக்கு அந்த ஒரு படந்தான் பாக்கி."



"நான் வேணா போன்ல எடுத்து அனுப்பட்டுமா? காலையிலயே போயி எடுக்குறேன்."

"நீ எடுத்தா அது எப்படிண்ணே என் படமாகும்?"

அப்படித்தான் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அதுவும் சரிதான்" என்றான் நெடுமாறன். "மூணு நாளுதானே. மொறைய பக்கத்து வயலு வைரக்கண்ணு பெரியப்பாவுக்கு மாத்தி விட்டுடறேன். அவரும் மிஷினுக்குத்தான் அலையுறாரு."

அன்று மத்தியானம் சென்டரின் வரவேற்பறை டிவியில் வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று ஒரு வரி ஓடியதை இசைவாணி பார்த்திருந்தாள். எப்போதும் சொல்வதுதானே என்று நினைத்தாள். அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கால் எக்ஸ்ரேக்கு வந்த ஒரு பெண்மணியின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. "வெளியில மழைங்களா?" என்று இசைவாணி கேட்டாள். "ஆமாம்மா, ஒரு மணி நேரமா கொட்டுது" என்றார் அவர். அடுத்த படத்தை அவள் இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வயலுக்குப் போனபோது கதிரெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. பக்கத்தில் வைரக்கண்ணுவின் வயல், வியாழக்கிழமை அறுத்தது, வெறும் தாளாக நின்றது. நெடுமாறன் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலில் இறக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வந்துட்டியா? பைய அங்க வைக்காத, ஈரம்." பிறகு, "படம் எடுக்கலயா?" என்றான்.

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டான். அவளால் பையின் ஜிப்பைத் தொட முடியவில்லை.

அண்ணி மலர்க்கொடி தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தாள். வரும்போதே பொருமிக்கொண்டு வந்தாள். "பாத்தியா வாணி? நம்ம மொறை வியாழக்கெழம. அந்த வைரக்கண்ணு மிஷின்காரன கையில போட்டுக்கிட்டு அவரு வயல்ல எறக்கிட்டாரு. பெரியப்பாவாம் பெரியப்பா. இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

இசைவாணி அண்ணனைப் பார்த்தாள். அவன் குனிந்து சேற்றை அள்ளினான். சொல்லியிருந்தால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று பேர்தான் இருந்தார்கள், காரணம் அவள்தான், ஒரு வாக்கியம் போதும். அண்ணி காலி வாளியை எடுத்துக்கொண்டு வரப்பு வழியே திரும்பிப் போகும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

"ஏண்ணே அப்படிச் சொன்ன?"

"நான் ஒண்ணுமே சொல்லல. அவளா நெனச்சுக்கிட்டா. ஒன் பேர இழுத்தா வீட்டுல பேச்சு வளரும். விடு பாப்பா, மழை யாரக் கேட்டு வருது?"

சேற்றில் இறங்கும் செயின் வைத்த மிஷின் கிடைத்து வயலில் இறங்க ஆறு நாளாயிற்று. அதற்குள் பாதிக் கதிர் முளைவிட்டிருந்தது. நெல் கறுத்துப்போய், கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்து, கடைசியில் வந்த வியாபாரிக்குக் கேட்ட விலைக்குப் போட்டான் நெடுமாறன்.

கண்காட்சிக் குழுவில், தைக்குப் படம் இல்லை என்றாள். "ஏதாவது ஒரு வயலைப் போய் எடுங்க, மஞ்சள்தானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்கள். அவள் மீதிப் பதினொன்றையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அது ஒரு தண்டனைபோல அவளுக்கு அப்போது ஆறுதலாக இருந்தது. மாசியில் அண்ணன் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்துவைத்துக்கொண்டு, "என்னைக்கு வரணும்?" என்று போனில் கேட்டபோதுதான் செய்த காரியம் புரிந்தது.

"நான் படத்தக் குடுக்கலண்ணே."

"ஏன்?"

தைக்குப் படம் இல்லையே என்றாள்.

"அதுக்காகத்தானே பாப்பா அறுப்ப நிறுத்தி வச்சோம்" என்றான். அவன் வருத்தப்பட்டு அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சித்திரையில் அவன் குத்தகையை விட்டுவிட்டான். நீடாமங்கலத்தில் ஹாலோபிளாக் கல் ஏற்றும் வண்டி ஓட்டப் போனான். "ரெண்டு வருஷமாவே யோசிச்சதுதான்" என்று சொன்னான். உண்மையாகவும் இருக்கலாம். இசைவாணிக்கு அதை நம்புவதற்கும் பயம், நம்பாமல் இருப்பதற்கும் பயம்.

அவளை அதிகம் அரித்தது இன்னொன்று. வைரக்கண்ணுவின் மனைவி ரெங்கம்மாளும் அண்ணியும் நூறு நாள் வேலைக்குச் சேர்ந்தே போகிறவர்கள். ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே வெற்றிலைப் பை. இப்போது ரெங்கம்மாள் உட்கார்ந்தால் அண்ணி எழுந்து வேறு மர நிழலுக்குப் போகிறாளாம். ஊரிலும் நாலு பேர் வைரக்கண்ணுவை ஒரு மாதிரியாகப் பேசினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் போவாள், சொல்லாமல் திரும்புவாள். இப்படியே ஆனி வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு மலர்க்கொடி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இசைவாணி எதிரே உட்கார்ந்து, புதன்கிழமை போனிலிருந்து டிவியில் ஓடிய வரிவரை எல்லாவற்றையும் சொன்னாள். மலர்க்கொடி மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"நீ கேட்ட. அவரு குடுத்தாரு. தங்கச்சிக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாரு?" என்றாள். "ஆனா அஞ்சு மாசம் ஒரே பாயில படுத்து எந்திரிச்சிருக்கேன் வாணி. ஒரு வார்த்தை சொல்லல. நான் ரெங்கம்மாள நடுத்தெருவுல வச்சு ஏசினப்பகூட பக்கத்துலதான் நின்னாரு."

திட்டியிருந்தால் இசைவாணி தாங்கியிருப்பாள். அன்று அண்ணனுக்கும் அவளுக்கும் சோறு போட்டாள் அண்ணி. அண்ணனிடம் மட்டும் ஒரு வாரம் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது.

சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு இசைவாணி ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். ரெங்கம்மாள் கொல்லையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பாதி சொல்லும்போதே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இது எங்களுக்குத் தெரியுமே. ஒங்க அண்ணன்தான் அன்னைக்கே வந்து சொல்லிட்டுப் போச்சே, தங்கச்சி படம் எடுக்கணுங்குது, நீங்க அறுத்துக்குங்கன்னு."

"அப்புறம் ஏன் பெரியம்மா அண்ணிகிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அது பொண்டாட்டிகிட்டயே சொல்லாததை நாங்க போயி சொன்னா, குடும்பத்துல கொளுத்திப் போட்ட மாதிரி ஆவாதா? ஒங்க பெரியப்பாதான் வேணாம், வாயத் தொறக்காதன்னாரு."

இசைவாணி அழுதாள். ரெங்கம்மாள் தேற்றவில்லை. கீரையை முறத்தில் தட்டிப் பரப்பினாள்.

"மலரு வந்தா பேசுவேன். வெரோதமா என்ன? ஆனா முன்ன மாதிரி வருமான்னு தெரியல வாணி. காதால கேட்டுட்டேன்ல அதையெல்லாம்" என்றாள்.

இப்போது அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வேலைக்குத் தனித்தனியாகத்தான் போகிறார்கள். இசைவாணி ஞாயிற்றுக்கிழமை வருவதும் குறைந்துவிட்டது. வந்தாலும் அண்ணன் வண்டிக்குப் போயிருப்பான், ஞாயிற்றுக்கிழமையில்தான் கல் லோடு அதிகம்.